அப்புச்சிக்கு எடுத்த ஸ்கேனும் பாப்பாவின் படிப்பும்

சென்னிமலையிலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார்: "என் மாமனாருக்கு, மகளுடைய அப்புச்சிக்கு, இரைப்பையில் கட்டி என்றதும் வீடே இடிந்து போய் உட்கார்ந்துவிட்டோம். கோயமுத்தூரில் எண்டோஸ்கோபி வழியாகவே ஸ்கேன் பார்த்து, கட்டியை எடுத்து டெஸ்ட் பண்ணி, புற்று இல்லை, அழற்சியால் வந்த கட்டிதான் என்றார்கள். கூடவே இருந்த மகள், பிளஸ் டூ படிக்கிறாள், அந்த ஸ்கேன் பார்க்கிற டாக்டராகத்தான் ஆவேன் என்கிறாள். தறி ஓட்டுகிற எங்களால் முடியுங்களா?"

முடியுங்க. ஆனால் வருஷக் கணக்கை முதலில் பாருங்கள். எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை, பொது மருத்துவத்தில் எம்டி 3, அப்புறம் இரைப்பை குடல் மருத்துவத்தில் டிஎம் என்கிற உயர் சிறப்புப் படிப்பு 3. நீட், நீட் பிஜி, நீட் எஸ்எஸ் என்று மூன்று நுழைவுத் தேர்வுகள் வேறு. ஒரு தேர்வில் ஒரு வருஷம் போனாலும் பாப்பாவுக்கு முப்பது ஆகிவிடும். கல்யாணப் பேச்சோடு வருகிற சொந்தக்காரர்களுக்கு இப்போதே ஒரு பதில் தயார் செய்து வையுங்கள்.

உங்கள் மகள் பார்த்தது அந்த வேலையின் ஒரு பகுதியைத்தான். எண்டோஸ்கோபி குழாயின் நுனியில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி, இரைப்பைச் சுவரை வெளுப்பும் கறுப்பும் மாறி மாறி ஐந்து அடுக்காகக் காட்டும். உங்கள் மாமனாருக்கு வந்தது போன்ற, இன்ஃபிளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப் என்கிற அழற்சிக் கட்டி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது அடுக்கில், ஓரம் தெளிவில்லாமல் கறுத்துத் தெரியும். நாலாவதான தசை அடுக்கு அறுபடாமல் இருக்கும். ஜிஸ்ட் என்கிற, புற்றாக மாறக்கூடும் என்பதால் கவனமாகப் பார்க்க வேண்டிய கட்டி பெரும்பாலும் அந்த நாலாவது அடுக்கிலிருந்தே கிளம்பும். ஒரு கோடு விட்டுப் போயிருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்ப்பதுதான் வேலை. அப்படிப் பார்த்தாலும் ஸ்கேன் சந்தேகத்தைக் குறைக்குமே தவிர முடித்து வைக்காது. மேலோட்டமாகக் கிள்ளி எடுக்கும் பயாப்சியில் அடியில் இருப்பது பல நேரம் சிக்காது. கட்டியை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் நூல் நூற்கும் கதிர் போல நீண்ட செல்கள் ரத்தக் குழாயைச் சுற்றி வளைந்து கிடப்பதையும், ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் விரவியிருப்பதையும் பார்த்து, சாயச் சோதனையும் செய்து முடிவு சொல்பவர் பேத்தாலஜிஸ்ட். 1949இல் இந்தக் கட்டியைத் தனி நோயாக எழுதிய வானெக் என்ற மருத்துவரும் இப்படித் திசுவைப் பார்த்துத்தான் எழுதினார்.

அதனால் பாப்பாவிடம் இதைக் கேளுங்கள்: பிடித்தது நோயாளியோடு பேசி, கருவியைக் கையில் பிடிக்கும் வேலையா, கட்டி என்னவென்று கண்டுபிடிக்கும் வேலையா? இரண்டாவது என்றால் எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு எம்டி பேத்தாலஜி 3 வருஷத்தில் முடிந்துவிடும், டிஎம் கட்டாயமில்லை. நம் பக்கத்துப் பெற்றோர் அந்தப் படிப்பை, கிளினிக் வைக்க முடியாது என்று ஏனோ இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நீட் கை கொடுக்காவிட்டால், எண்டோஸ்கோபி அறையில் டாக்டர் பக்கத்தில் நின்று கருவியைத் தயார் செய்து, ஊசியை எடுத்துக் கொடுத்து, குழாயைக் கிருமி நீக்கும் டெக்னீஷியன் வேலைக்குத் துணை மருத்துவப் படிப்புகள் உண்டு. சேரும் முன் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, சொந்த ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி நிஜமாகவே நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். புரோக்கர் பேச்சை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பணம் பற்றி ஒரு விஷயம். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவாள்; அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.