மார்க் ஷீட்டில் வராத திறமைகள்: கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவள் நான். இப்போது வளரிளம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எந்நேரமும் மிக்ஸியையும் ஃபேனையும் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவனை எப்படித் தேற்றுவது?

மிக்ஸி ஓடவில்லை என்றால் அவன் என்ன செய்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கள் அம்மா. முதலில் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்திப் பார்ப்பான். அப்புறம் ஜாரைச் சுழற்றும் கப்ளர் தேய்ந்திருக்கிறதா, மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பான். அறிவியல் வகுப்பில் நாங்கள் சொல்லித்தர முயல்வதும் இதைத்தான். "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். மின்சாரத்தை அளந்து பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் எதையும் திறக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

படிப்பையும் இதிலிருந்தே பிடிக்கலாம். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவது பாஸ் வேண்டும். இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலிலும் அப்படியே. இந்த வழியை அவனுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். கணக்கு எதற்கு என்று அப்போது அவனுக்கே புரியும்.

பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும் என்கிறார் என் மாமியார். சரியா?

பாதி சரி. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. புதிர்களுக்கு விடை கண்டுபிடித்த பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர்கள் வந்தபோது, புத்திசாலி என்று சொல்லப்பட்டவர்களே சீக்கிரம் சோர்ந்தார்கள். அதனால் பிள்ளை செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "தங்கச்சி அழுதப்போ திட்டாம பேசிச் சமாதானப்படுத்தின, பார்த்தேன்" என்று சொன்னால் போதும்.

அண்ணன் குடிக்கிறார். அவர் மகளுக்கு 14 வயது. வெளியூரில் இருக்கும் சித்தப்பா நான் என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும் தம்பி. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, நிலையாக அன்பு காட்டிய பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். வாரம் தவறாமல் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். "மார்க் என்ன?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வீட்டில் தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அவள்தான் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தச் சுமையில் கொஞ்சத்தை இறக்கி வைக்கவும் வழி பாருங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

வகுப்பில் 45 பேர். ஒவ்வொருவர் திறமையையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

"மற்றவர்கள் எந்த உதவிக்கு உன்னிடம் வருவார்கள்?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள் சார். பக்கத்தில் இருப்பவரைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். கூச்சத்தில் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதாத பிள்ளையைப் பற்றி அடுத்த பெஞ்ச் எழுதித் தரும்.

மகள் கபடி ஆடுகிறாள். பிளஸ் ஒன் வந்துவிட்டது, நிறுத்து என்கிறார் தாத்தா.

நிறுத்த வேண்டாம். பயிற்சி நேரத்தைக் குறைக்க வேண்டி வந்தாலும் அதை அவளே முடிவு செய்யட்டும். பொறியியல் கலந்தாய்விலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதைத் தாத்தாவிடம் சொல்லுங்கள். சான்றிதழ்களை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். அடுத்த மேட்ச்சுக்கு அவரையும் கையோடு கூட்டிப் போங்கள்.