கலைஞர்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் படைப்பாக்குகிறார்கள்? கூட இருப்பவர்களின் கதையையும் எடுத்துக்கொள்வது சரியா?

கேட்டவர் ஏற்கெனவே ஏதோ எழுதி முடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர் "எப்படி" என்பதோடு நிறுத்தியிருப்பார். "கூட இருப்பவர்களின் கதை" என்று ஒரு வால் சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். கதை கணினியில் இருக்கிறது, அனுப்பக் கை வரவில்லை, குறிப்பிட்ட ஓர் ஆள் படித்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். சரிதானே? இல்லையென்றால் மன்னியுங்கள். என் பயத்தை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பேர் பெற்ற எழுத்தாளர் இல்லை. மொத்தம் பதினோரு சிறுகதை, எல்லாம் புனைபெயரில். வீட்டில் யாருக்கும் தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "பதினோரு கதைக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அதில் ஒரு கதை என்னை நன்றாகப் படுத்திவிட்டது.

அக்கா கல்யாணமாகி இரண்டே வருடத்தில் ஒற்றைப் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஏன் என்பது இங்கே வேண்டாம். எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. அவள் கைபேசியில் காலை 4.50-க்கு ஓர் அலாரம் இருந்தது. அங்கே இருந்தபோது, கணவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்புவதற்காக வைத்தது. இங்கே அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் அவள் அதை எடுக்கவில்லை. தினமும் அடிக்கும். இரண்டாம் முறை ஒலிப்பதற்குள் அணைத்துவிடுவாள். பிறகு கட்டில் விளிம்பில், கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கைபேசியை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கவிழ்த்த கைபேசியின் ஓரத்தில் நூல் மாதிரி வெளிச்சம் கசியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். அப்புறம் இருட்டில் அவள் முதுகு மட்டும் தெரியும். ஏறக்குறைய ஒன்றரை வருடம் இப்படி.

பத்து வருடம் கழித்து அதைக் கதையாக்கினேன். மறைக்க வேண்டியதையெல்லாம் மறைத்தேன். அக்காவை விடுதி அறைத்தோழி ஆக்கினேன். பிரிந்து வந்ததைக் கணவனின் மரணமாக மாற்றினேன். வயதைக் கூட்டினேன், வேலை வாங்கிக் கொடுத்தேன், பெயரையும் மாற்றினேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று எனக்குள் ஒரு கர்வம். அலாரத்தை மட்டும் விட்டுவைத்தேன். மாற்றிப் பார்க்காமல் இல்லை. "ஐந்து மணி" என்று எழுதிப் பார்த்தேன், கதை சப்பென்று ஆகிவிட்டது. ஐந்து மணிக்கு ஊரில் பாதிப் பேர் எழுகிறார்கள். 4.50 என்றால் அதை வைத்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதனால் 4.50 நின்றது.

ஒரு சிற்றிதழில் கதை வந்தது. இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கொட்டிவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். "படித்ததில் பிடித்தது" என்று மேலே ஒரு வரி போட்டு, எழுதியவர் பெயரை வெட்டி எறிந்துவிட்டு, கீழே நான்கு கைகூப்பும் பொம்மையைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்களே, அவர்களுக்கு என்னதான் வேண்டும்? கதையை எடுத்துத் தட்டச்சு செய்யப் பொறுமை இருக்கிறது, பெயரைச் சேர்க்கும் அரை வரிக்குப் பொறுமை இல்லை. என் கதைக்கு இவர்கள் "கண்ணீர் வரவழைக்கும் உண்மைச் சம்பவம்" என்று தலைப்பே மாற்றிவிட்டார்கள். கடைசிப் பத்தியைக் காணோம். அதற்குப் பதிலாக "உறவுகளை மதிப்போம்" என்று யாரோ ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தார்கள். கேட்டால், "நல்ல கருத்து நாலு பேரைச் சேரட்டுமே, பெயரில் என்ன இருக்கிறது" என்பார்கள். புனைபெயரில் எழுதுகிறவளுக்குப் பெயர்ப் பெருமை எதற்கு என்று நீங்களும் கேட்கலாம். புனைபெயரும் நான் யோசித்து வைத்த பெயர்தான் ஐயா.

எங்கள் குடும்பக் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. அனுப்பியவர் சித்தப்பா. மறுநாள் அக்கா கூப்பிட்டாள்.

"யாரோ என்னைப் பத்திக் கதை எழுதியிருக்காங்கடி. நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எந்தக் கதை என்று தெரியாததுபோல் கேட்டேன். அவள் வாசித்தே காட்டினாள். "ஆளையெல்லாம் மாத்திட்டாங்க. ஆனா நாலு அம்பதுன்னு போட்டிருக்கு. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

அந்த நொடியில் எனக்கு என்ன ஞாபகம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு. நான் படித்தது தமிழ் இலக்கியம், வயிற்றுப்பாட்டுக்குப் பார்ப்பது வேறு வேலை. தொல்காப்பியத்தில் அகப்பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: "மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." காதலைப் பாடு, பிரிவைப் பாடு, ஆனால் இன்னார் என்று பெயர் சுட்டாதே. தலைவன், தலைவி, தோழி என்றுதான் வர வேண்டும். நெடுநல்வாடையில் நக்கீரர் 188 அடியிலும் யார் பெயரையும் சொல்லவில்லை. கூதிர்காலத்து இரவு, அரண்மனையில் தூக்கம் வராத அரசி, பாசறையில் தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் அரசன். ஆனால் கூட வருகிறவன் கையில் இருக்கும் வேல் பற்றி "வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்", அதாவது தலையில் வேம்பு கட்டிய வேல், என்று ஒரு தொடர் வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. போச்சு. உரை எழுதிய நச்சினார்க்கினியர் அதைப் பிடித்துக்கொண்டு, அடையாளப் பூவைச் சொல்லிவிட்டதால் இது அகம் ஆகாது, புறம் என்று தீர்ப்பெழுதிவிட்டார். இவ்வளவு நீளப் பாட்டுக்கு ஒரு வேப்பம்பூ. பரீட்சைக்குப் படிக்கும்போது, உரையாசிரியருக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்திருக்கிறேன். அக்கா "நாலு அம்பது" என்றபோது அந்தப் பூ எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

எனவே உங்கள் "எப்படி"க்கு என் பதில்: பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், அது கஷ்டமே இல்லை. படைப்புக்கு உயிர் கொடுக்கிற அந்தச் சின்னத் தகவலைத்தான் மாற்ற முடியாது. ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதுவேதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1824-ல், பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் பாலிஷ் சாடிகளுக்குக் காகிதம் கட்டி லேபிள் ஒட்டினார். வாழ்நாள் முழுக்க அவமானமாக நினைத்துப் பிள்ளைகளிடம்கூட மறைத்தார். ஆனால் 1849-ல் தொடராக வரத் தொடங்கிய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் நாயகன் டேவிட்டும் சிறுவயதில் அப்படி ஒரு வேலைக்குப் போகிறான். பாலிஷ் போய் ஒயின் வந்துவிட்டது. லேபிள் ஒட்டுவது மட்டும் அப்படியே இருக்கிறது. 1870-ல் அவர் இறந்தபின் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. சி.டி. என்ற தன் முதலெழுத்துகள் நாயகன் பெயரில் திரும்பி டி.சி. ஆகியிருப்பதையும் நண்பர் சொல்லித்தான் டிக்கன்ஸே கவனித்தாராம்.

அதே நாவலில் இன்னொரு கூத்து. பக்கத்தில் வசித்த, குள்ளமான ஒரு பெண்ணை அச்சு அசலாக ஒரு பாத்திரமாக்கி, கொஞ்சம் கோணலான குணத்தையும் கொடுத்துவிட்டார். தொடர் வந்துகொண்டிருக்கும்போதே அந்தம்மா மனம் புண்பட்டுக் கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் பின்னால் வந்த பகுதியில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாகத் திருப்பிவிட்டார். தன் அவமானத்துக்குப் பூட்டுப் போட்டவர், அடுத்தவள் உடம்பைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார் என்பது என் குற்றச்சாட்டு. டிக்கன்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதும் தெரியும், அதே வேலையைத்தான் நானும் செய்தேன்.

திரும்ப அக்காவிடம் வருகிறேன். நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "இதுல வர்ற ரூம்மேட் எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருறாளே, அது யாரு?"

நான்தான். கதையில் நான் தினமும் எழுந்து அவள் பக்கத்தில் உட்காருகிறேன். பேசாமல் விடியும்வரை கையைப் பிடித்துக்கொள்கிறேன். கதையிலேயே எல்லோரும் பாராட்டிய இடம் அதுதான். நிஜத்தில் ஒருநாள்கூட எழுந்ததில்லை. போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, "அதை எடுத்துத் தொலையேன், எனக்குப் பரீட்சை" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். ஒன்றிரண்டு முறை இல்லை. எழுதும்போது பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பத்து வருடத்தில் நான் எப்படியோ கட்டிலை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டிருக்கிறேன்.

ஓவியர் எட்வர்ட் மங்க்கின் 'நோயுற்ற குழந்தை'யை இணையத்தில் தேடிப் பாருங்கள். அவருடைய அக்கா சோஃபி 1877-ல் காசநோயில் இறந்தாள். அவளுக்கு 15 வயது, இவருக்கு 13. எட்டு வருடம் கழித்து, வேறு ஒரு பெண்ணை உட்காரவைத்து வரைய ஆரம்பித்தார். சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி. நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை ஆறு முறை தீட்டியிருக்கிறார். தலையணையில் சாய்ந்த பெண், பக்கத்தில் தலைகுனிந்த ஒருத்தி. தம்பி அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இதை நான் பார்த்தது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான். நீங்கள் அனுப்புவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

அக்கா இன்னொன்றும் சொன்னாள். கணவன் நினைப்பு விடாததால் அவள் அலாரத்தை எடுக்கவில்லை என்று கதையில் எழுதியிருந்தேன். "அவரை யாரு நினைச்சா? அப்பா அம்மா எந்திரிக்க ஆறாகும். அதுவரைக்கும்தான் யாரும் என்னைப் பாவமாப் பாக்காம இருந்தாங்க." ஒன்றரை வருடம் ஒரே அறையில் படுத்திருந்தவள் நான். மணி தெரிந்த எனக்குக் காரணம் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எனக்கு அழகாகப் பட்டதை எழுதிவிட்டேன்.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல், தன் முன்னாள் மனைவி எலிசபெத் ஹார்ட்விக் தனக்கு எழுதிய கடிதங்களை எடுத்து, வரிகளை மாற்றிக் கவிதையாக்கினார். கைப்பிரதியைப் படித்த அவருடைய தோழி, கவிஞர் எலிசபெத் பிஷப், 1972-ல் அவருக்கு எழுதினார்: கலைக்கு அவ்வளவு மதிப்பெல்லாம் கிடையாது என்று. கடிதங்களை எடுத்ததைவிட, மாற்றியதுதான் பிஷப்பை அதிகம் உறுத்தியது. உண்மையையும் கற்பனையையும் கலந்துவிட்டால், பாதிக்கப்பட்டவள் எதை மறுப்பாள்? லோவல் கொஞ்சம் திருத்திவிட்டு 1973-ல் புத்தகத்தைப் போட்டார். மறு ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது. பிஷப் சொன்னதை முழுதாக ஏற்றால் நான் பேனாவைத் தொடவே முடியாது. லோவல் பக்கம் நிற்கவும் என்னால் முடியவில்லை. "எழுத்தாளனுக்கு எல்லாம் கச்சாப்பொருள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்களை இப்போதெல்லாம் பார்த்தால், உங்கள் வீட்டில் யாராவது பதிலுக்கு எழுத ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

"இப்போது இங்கே அக்காவை மறுபடி விற்கிறாயே" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அவளிடம் காட்டிவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். இங்கே எழுதியிருக்கும் மணியும் நிஜ மணி இல்லை. கதையைத் தேடாதீர்கள்.

அவள் கதையை எடுக்கச் சொல்லவில்லை. "அலாரத்தை வச்சுக்கோ. நீ போர்வையை இழுத்து மூடிக்கிட்டதையும் எழுது" என்றாள். எழுதினேன். நான்கு மாதம் ஆனது. கைப்பிடித்த காட்சியை எடுத்துவிட்டேன், அறைத்தோழி இப்போது தங்கை, கணவன் சாகவில்லை. அக்கா படித்துவிட்டு ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான் திட்டியதில் ஒரு வார்த்தையைக் குறைத்து எழுதியிருந்தேன். அதையும் சேர்த்துவிட்டு அதே சிற்றிதழுக்கு அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. நடை நன்றாக இருக்கிறதாம், ஆனால் கதைசொல்லி மேல் வாசகருக்குப் பரிவு வரவில்லையாம், அவளை இன்னும் கொஞ்சம் நல்லவளாக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.