நிலாவெளிக் கிணற்று நீரில் கோல்ஃப் கிரீன்: புல் ஏன் கருகுகிறது, பந்து ஏன் துள்ளுகிறது?

கேள்வி: நிலாவெளியில் முன்பு வெங்காயம் செய்த காணியில், எங்கள் விடுதியில் தங்குபவர்களுக்காக 200 சதுர மீற்றரில் ஒரு கோல்ஃப் பயிற்சிக் கிரீன், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் கட்டைப்புல் தரை, போட்டிருக்கிறேன். சாதாரண அறுகம்புல்தான். வைகாசியில் இருந்து இலை நுனி கருகுகிறது. காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் கிணற்று நீர் தெளித்தும் வட்டம் வட்டமாகக் காய்கிறது. மாதம் 4 கிலோ யூரியா போடுகிறேன். பள்ளம் நிரவ இரண்டு தடவை கடற்கரை மணல் பரப்பினேன். 5 மில்லிமீற்றருக்கு வெட்டியும் பந்து மெதுவாக, துள்ளித் துள்ளித்தான் ஓடுகிறது. சீனன்குடா கோல்ஃப் மைதானத்தில் விளையாடிப் பழகியவர்கள் குறை சொல்கிறார்கள். இன்னும் கட்டையாக வெட்டவா, யூரியாவைக் கூட்டவா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் புல்லுக்குப் பசி இல்லை. அதன் வேரடியில் உப்பு ஏறியிருக்கிறது, மேலே நீங்கள் போட்ட மணல் வேருக்கு மூடி போட்டிருக்கிறது. இவை இரண்டையும் சரிசெய்யாமல் பசளையிலும் கத்தியிலும் கை வைத்தால் ஆவணிக் கச்சான் காற்றில் மிச்சப் புல்லும் போய்விடும்.

முதலில் நீர். பத்து நிமிடத் தெளிப்பில் மேல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் நனையும். வெயிலும் காற்றும் அந்த நீரை எடுத்துக்கொள்ள, உப்பு அங்கேயே தங்கும். வேரும் நீர் கிடைக்கும் அந்த மேற்படையிலேயே நின்றுவிடும். தினமும் இரண்டு வேளை உப்பைக் கொண்டுவந்து அதன் வாயில் வைப்பதுதான் நடக்கிறது. இலை நுனி கருகுவது அதற்கான அடையாளம். தழைச்சத்துக் குறைவென்றால் கீழ் இலைகள் ஒரே சீராக மஞ்சளாகும், நுனி மட்டும் கருகாது.

கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள், நீரில் எவ்வளவு உப்பு என்று அது காட்டும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே அளக்கலாம் என்று சொல்வார். மீற்றருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3 வரை அறுகு சமாளிக்கும், ஆனால் உப்பைக் கழுவி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேலே நிரந்தரமாக நின்றால் அறுகுடன் மல்லுக்கட்டாமல், உவரைத் தாங்கும் கடற்கரைப் பாஸ்பாலம் புல்லுக்கு மாறுவதே மேல். கடலோரக் கிணற்றில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பம்பியை நீண்ட நேரம் ஓடவிட்டால் கீழுள்ள உவர்நீர் மேலேறி வரும். ஆகவே ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். தாங்கியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துப் பிறகு விடுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை, விடியுமுன் காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் 10 மில்லிமீற்றர் கொடுங்கள். உங்கள் அளவுக்கு அது 2,000 லீற்றர். நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். ஒரே அளவான ஐந்து வெற்றுப் பால்மாத் தகரங்களைக் கிரீனில் அங்கங்கே வைத்துத் தெளியுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீற்றர் நிற்கிறது என்று அடிமட்டத்தால் அளந்தால், எந்த மூலைக்கு நீர் போகவில்லை என்பதும் அப்போதே தெரியும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 25 மில்லிமீற்றர், அதாவது 5,000 லீற்றர், இடைவெளி விட்டு விட்டுக் கொடுத்து உப்பைக் கீழே இறக்குங்கள். பகல் வெயிலில் இந்த நீரை இலைமேல் தெளிக்கவே கூடாது. துளி காய்ந்ததும் உப்பு இலையில் பொரிந்து நிற்கும்.

வட்டம் வட்டமாகக் காயும் இடங்கள் வேறு சங்கதி. அங்கே பழைய வேரும் தண்டும் மக்கியதில் வரும் மெழுகு போன்ற பொருள் மணற்பருக்கையை மூடிவிடும், பிறகு மணல் நீரைத் தள்ளும். காய்ந்த வட்டத்தில் 8 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு துண்டு வெட்டியெடுத்து நிழலில் உலர்த்துங்கள். அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு சென்ரிமீற்றரிலும் ஒரு துளி நீர் விடுங்கள். எந்த ஆழத்தில் துளி 5 விநாடிக்கு மேல் உருண்டையாக நிற்கிறதோ அந்த ஆழம்வரை மண் நீரைத் தள்ளுகிறது. அந்த இடங்களில் மட்டும் தோட்ட முட்கரண்டியால் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு குத்தாக 10 சென்ரிமீற்றர் ஆழம் குத்தி, புற்றரைக்கென்று விற்கும் ஈரமூட்டியைப் போத்தலில் உள்ள அளவுப்படி ஊற்றி, கையால் மெதுவாக நனையுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பலர் ஊற்றுகிறார்கள். அது சில நாள்தான் நிற்கும், கூடினால் இலையைச் சுடும்.

இனி மணல். உங்களுடைய பெரிய தொல்லை இதுதான் என்று நினைக்கிறேன். கத்தியால் ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள், வெள்ளைக் கடல் மணல் இரண்டு கோடாகத் தெரியும். கீழுள்ள மண்ணோடு சேராத அந்தப் படையில் நீர் தயங்கி நிற்கும், வேர் திரும்பிவிடும். அதன்மேல் கொஞ்சம் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சிப்பிச் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாது, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அப்படிக் கண்டால் 200 கிராம் பெரஸ் சல்பேற்றை 20 லீற்றர் நன்னீரில் கரைத்து மாலையில் முழுக் கிரீனுக்கும் தெளியுங்கள். சீமெந்துத் தரையில் பட்டால் கறை போகாது.

படையை உடைக்க, உள்ளே குழலுள்ள முள்ளால் துளைத்து மண்ணை வெளியே எடுக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் விட்டம், 8 சென்ரிமீற்றர் ஆழம், 5 சென்ரிமீற்றர் இடைவெளி. எடுத்த மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு, கழுவி அரித்த ஆற்று மணலைத் துளைகளில் தும்புத்தடியால் தள்ளி நிரப்புங்கள். மேலே ஒரு மெல்லிய பூச்சும் சேர்த்து கிட்டத்தட்ட 0.9 கன மீற்றர், ஒரு கியூப்பில் (100 கன அடி) மூன்றில் ஒரு பங்கு போதும். இதை இப்போது செய்யாதீர்கள். கச்சான் காற்றுக் காலத்தில் துளைத்தால் வேர் காயும். மாரி மழை உப்பைக் கழுவி, வெயில் திரும்பும் மாசி, பங்குனிதான் சரியான காலம், மூன்று கிழமையில் மூடிக்கொள்ளும். புரட்டாதிக் கடைசியில் முட்கரண்டியால் மட்டும் குத்தி வைத்தால் முதல் மழை உள்ளே இறங்கும். நுவரெலியா கோல்ஃப் மைதான அட்டவணையைப் பார்த்துச் செய்தால் காலம் பிழைக்கும். அங்கே உள்ளது குளிரிலும் மழையிலும் வளரும் புல்.

துளைப்பு முடிந்தபின் மூன்று கிழமைக்கு ஒரு தடவை 1 மில்லிமீற்றர் ஆற்று மணல், அதாவது 0.2 கன மீற்றர், தூவிச் சங்கிலி வலையால் இழுத்துவிடுங்கள். பந்து துள்ளாமல் ஓட வைப்பது இந்த வேலைதான்.

யூரியாவை இப்போது நிறுத்துங்கள். 4 கிலோ உங்கள் பரப்புக்குத் தேவையானதில் இரண்டு மடங்கு. அதனால்தான் தண்டு பெருகி, இலைக்கும் மண்ணுக்கும் நடுவே பஞ்சு போன்ற சருகுப் படை கட்டுகிறது. வெட்டியெடுத்த ஆப்பில் அது 12 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தால் பந்து அதில்தான் அமிழ்கிறது. மழை தொடங்கி உப்பு இறங்கியதும் 15 நாளுக்கு ஒரு தடவை 1.9 கிலோ அமோனியம் சல்பேற் போட்டு உடனே நீர் விடுங்கள். சிப்பிச் சுண்ணாம்பு மண்ணுக்கு யூரியாவைவிட அது பொருந்தும். பொட்டாசியம் வேண்டுமானால் சல்பேற் வடிவில் வாங்குங்கள். எம்.ஓ.பி. என்று விற்கும் பொட்டாசியப் பசளையில் குளோரைட் இருக்கிறது, அதைத்தான் நாம் கழுவப் பார்க்கிறோம்.

வெட்டு உயரத்தை 10 மில்லிமீற்றருக்குக் கொண்டுபோங்கள். 5 மில்லிமீற்றர் வெட்டு டிஃப்டுவார்ஃப் போன்ற குட்டை அறுகுக் கலப்பினங்களுக்குத்தான். சாதாரண அறுகில் அந்த உயரத்தில் இலை போய்த் தண்டுதான் மிஞ்சும். தண்டின் மேல் பந்து துள்ளாமல் என்ன செய்யும்? ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், ஒவ்வொரு நாளும் திசையை மாற்றுங்கள். உருளைக் கத்தி இயந்திரம்தான் வேண்டும். ஒரு பத்திரிகைத் தாள் துண்டைக் கொடுத்தால் கத்தி முழு நீளத்திலும் சுத்தமாக வெட்ட வேண்டும். கடற்காற்றில் கத்தி இரண்டு நாளில் துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் இலேசான கை உருளையைக் கிழமைக்கு இரண்டு தடவை இழுங்கள். கிரிக்கெட் பிட்ச் உருளையை இரவல் வாங்க வேண்டாம், மண் இறுகிவிடும். வேகத்தை அளக்க 36 அங்குல அலுமினிய வி வடிவச் சட்டம் போதும். தரையைத் தொடும் முனையில் இருந்து 30 அங்குலத்தில் பந்தை வைத்து, அந்த இடம் தரையிலிருந்து 26 சென்ரிமீற்றர் உயரும்படி பிடித்து, இப்படி மூன்று பந்து உருட்டுங்கள். சமதரையில் மூன்று பந்தும் ஒன்றுக்கொன்று 8 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். எதிர்த் திசையிலும் உருட்டி, பந்து ஓடிய தூரத்தின் சராசரியை எடுங்கள். பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு 8 அடி தாராளம். அவர்கள் குறை சொல்வது பெரும்பாலும் வேகத்தை அல்ல, நேராக அடித்த பந்து விலகுவதைத்தான்.

குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். அதைச் சுற்றி மூன்று அடிக்குத் தரை சமமாக இருக்கும் இடமாகப் பார்த்து, ஆட்கள் கூடுதலாக வரும் நாட்களில் தினமும் மாற்றுங்கள். பழைய குழிக்கு வைக்கும் புல்துண்டு சுற்றுத் தரைக்கு மேலே எழும்பி நின்றால் அடுத்த வெட்டில் கத்தி அதைச் சுரண்டிவிடும். வைத்ததும் கையால் தடவிப் பார்த்து, தேவையென்றால் அடி மண்ணைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.