அக்கா மகள் கல்யாணத்துக்குக் கனடா போக, பழைய குடிபோதை வழக்கு தடையா?

கேள்வி: நான் மஸ்கெலியாவில் வேன் ஓட்டுகிறேன். 2023 சித்திரை வருடப்பிறப்பு நேரம், ஹட்டன் போகும் வழியில் பொலிஸார் மறித்து பலூன் ஊதச் சொன்னார்கள். ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 25,000 ரூபாய் தண்டப்பணம், லைசன்ஸ் ஆறு மாதம் ரத்து. அந்த ஆறு மாதம் நவம்பரில் முடிந்தது. டொரொன்டோவில் இருக்கும் அக்காவின் மகளுக்கு வருகிற ஆகஸ்டில் கல்யாணம். விசா பாரம் நிரப்பும் ஏஜென்ட், "தண்டப்பணம் கட்டிய கேஸ்தானே, இல்லை என்று போடுங்கள்" என்கிறார். போடலாமா? 2013இல் இதேபோல மாட்டிய மச்சானும் எங்களோடு வருகிறார்.

பதில்: போடாதீர்கள் தம்பி. எந்த நாட்டிலாவது கைதானீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று அந்தப் பாரம் நேராகவே கேட்கிறது. அதில் "இல்லை" என்று எழுதி, பிறகு தெரியவந்தால், பொய்த் தகவலுக்காக ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை வரும். அந்தத் தடை ஏஜென்ட்டுக்கு வராது, கையெழுத்து உங்களுடையது.

இங்கே நாம் இதை ஒரு ட்ராபிக் கேஸாகத்தான் பார்க்கிறோம். கனடா அப்படிப் பார்ப்பதில்லை. இதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் என்ன தண்டனை என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே குடிபோதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 வருடச் சிறையாக உயர்ந்தது. அதனால் அது பாரதூரமான குற்றங்களின் வரிசைக்குப் போய்விட்டது. உங்களுக்கு ஒரு நாள்கூடச் சிறை கிடைக்கவில்லை என்பது இந்தக் கணக்கில் சேராது. அந்த 2018 தேதிக்குப் பிறகு நடந்த குற்றம் காலம் போனால் தானாக அழிவதும் இல்லை.

மச்சானின் நிலை வேறு. அவர் மாட்டியது பழைய சட்டத்தின் காலத்தில். ஒரே ஒரு வழக்கு, தண்டனை முழுதாக முடிந்து பத்து வருடம் தாண்டிவிட்டது என்றால், அவர் திருந்தியவராகவே கருதப்படலாம். ஆனால் அவரும் "ஆம்" என்றே எழுதி, வழக்குப் பத்திரங்களை இணைக்க வேண்டும்.

உங்கள் வழக்கால் வரும் தடைக்கு நிரந்தரத் தீர்வு, திருந்தியவர் என்ற அங்கீகாரத்தை விண்ணப்பித்துப் பெறுவது. தண்டனை முழுதும் முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகே அதைக் கேட்க முடியும். தண்டப்பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணாதீர்கள், லைசன்ஸ் தடை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு அது 2028 நவம்பர்.

சரி, ஆகஸ்ட் கல்யாணத்துக்கு என்ன வழி? தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் வரவேண்டிய தேவை, நீங்கள் வருவதால் உள்ள ஆபத்தைவிடப் பெரியது என்று அதிகாரி நம்பினால் கொடுப்பார். முழுக்க அவருடைய விருப்புரிமை. பெற்றோர் சாகக் கிடப்பது போன்ற காரணத்தோடு ஒப்பிட்டால் கல்யாணம் பலவீனமான காரணம்தான், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நீங்கள் தாய்மாமன். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த அதிகாரிக்குத் தேவை. சீர் யார் கொண்டு வருவது, சடங்கில் மாமனின் இடம் என்ன, நீங்கள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது என்பதையெல்லாம் கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். அக்காவும் தனியாக ஒரு கடிதம் எழுதட்டும். 2023க்குப் பிறகு உங்கள்மேல் வேறு வழக்கு இல்லை, திரும்பி வர இங்கே குடும்பமும் தொழிலும் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வையுங்கள். இந்த அனுமதியைக் கேட்கிறேன் என்று கடிதத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் ஊதிய பலூன், இரத்தத்தில் எவ்வளவு மது இருந்தது என்று எண்ணில் சொல்லாது. கனடாவில் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மது இருப்பது ஒரு குற்றம், அளவு எதுவானாலும் போதையால் ஓட்டும் திறன் குறைந்திருந்தால் அதுவும் குற்றம். இந்த இரண்டில் ஒன்றுக்காவது உங்கள் வழக்கு பொருந்துகிறதா என்று அதிகாரி பார்க்கவேண்டும். அதனால் குற்றப்பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது, வைத்திய அறிக்கை இருக்கிறதா என்பதெல்லாம் முக்கியம். வழக்கை ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தரணி இல்லாமலே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஒரு நாள் இவ்வளவு தூரம் துரத்தும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

உங்கள் மனைவியும் பிள்ளைகளும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் தண்டனை அவர்களுடையது அல்ல.

முதல் வேலையாக ஹட்டன் நீதிமன்றத்தில் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். தண்டப்பணப் பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். அந்தப் பிரதி கைக்கு வந்ததும், கனடாக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அதைக் காட்டிவிட்டு, அப்புறம் பாரத்தில் கை வையுங்கள்.