சண்டையே போடாதவருக்கு என்ன சிநேகம்?

கேள்வி: டெக்சாஸ்ல மக வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு வயசு எண்பதுக்கு மேல, ஆர்மியில இருந்தவராம். வியட்நாமுக்கெல்லாம் போகலை, ரெண்டு வருஷம் ஜெர்மனியில சும்மா உக்காந்து பீர் குடிச்சுட்டு வந்தவர். ஆனா அங்க கூட இருந்தவன் இப்ப எங்க இருக்கான்னு இன்னமும் ஊரெல்லாம் போன் போட்டு தேடிக்கிட்டே இருக்கார். சண்டை போட்டவன் தேடினா நியாயம், இவருக்கு எதுக்கு இந்த பில்டப்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திண்டுக்கல்

பதில்: சும்மா உக்காந்தாரா? 1960-கள்ல மேற்கு ஜெர்மனியில ரெண்டு லட்சத்துக்கு மேல அமெரிக்க சிப்பாய்ங்க இருந்தாங்க சார், ரஷ்ய டாங்க் என்னைக்கு வரும்னு காத்துக் கிடக்கறதுதான் அவங்க வேலையே. ஃபுல்டா பக்கம் மலைகளுக்கு நடுவுல ஒரு தாழ்வான பாதை இருக்கு, கிழக்கு ஜெர்மனி பார்டர்லேருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வர்ற வழி, சோவியத் படை வந்தா இப்படித்தான் வரும்னு நேட்டோ கணக்குப் போட்டு வச்சிருந்துச்சு. நடுராத்திரியில அலர்ட் அடிப்பாங்க, பூட்ஸை மாட்டிக்கிட்டு டாங்க்கைக் கிளப்பி பேரக்ஸை விட்டு வெளிய ஓடணும், ட்ரில்லா நிஜமான்னு அந்த நேரத்துல யாரும் சொல்ல மாட்டாங்க, நிஜமா இருந்தா முதல்ல சாகப்போறது நாமதான்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும். 1961 அக்டோபர்ல கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் நடுவுல இருந்த செக்பாயின்ட் சார்லிங்கிற எல்லைச் சாவடியில அமெரிக்க டாங்க்கும் சோவியத் டாங்க்கும் நேருக்கு நேர் கிட்டத்தட்ட 16 மணி நேரம் நின்னுச்சு. யாரும் சுடலை. அதனால உங்க லெட்ஜர்ல அது சண்டையா ஏறாது, இருக்கட்டும்.

ஏன் இப்பவும் தேடறாங்கன்னா, அந்த ஆர்மி ஆளுங்களை அனுப்பின விதம் அப்படி. பிரிட்டிஷ்காரன் ரெஜிமென்ட்டையே மொத்தமா கொண்டுபோய் இறக்குவான். அமெரிக்காவுல பெரும்பாலும் ஒத்தை ஒத்தையா போஸ்டிங், யூனிட் அங்கேயே இருக்கும், ஆளுங்க மட்டும் மாறிக்கிட்டே இருப்பாங்க. நேத்து வரைக்கும் பக்கத்து கட்டில்ல குறட்டை விட்டவன் இன்னைக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருப்பான். சட்டையில இருக்கறது கடைசி பேரு மட்டும்தான், கூப்பிடறது பட்டப்பேர்ல. அம்பது வருஷம் கழிச்சு எந்த ஜான்சன்னு தேடுவீங்க? சரி, அந்த இடத்துக்காவது போய் விசாரிக்கலாம்னா, பாட்டுக்காரர் எல்விஸ் பிரெஸ்லி சிப்பாயா 1958-லேருந்து 60 வரைக்கும் இருந்த ஃப்ரீட்பெர்க் பேரக்ஸை 2007-ல மூடியாச்சு, ஐரோப்பாவுல இருந்த அமெரிக்க ஆர்மிக்குத் தலைமையகமா இருந்த ஹைடல்பெர்க்கும் 2013-ல காலி.

அப்புறம் நீங்க பேங்க்ல இருந்தவர், ரெக்கார்ட்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1973 ஜூலைல செயின்ட் லூயிஸ்ல ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடிச்சு 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல ஃபைல் சாம்பலாச்சு. 1912-லேருந்து 1960 ஜனவரி 1 வரைக்கும் ஆர்மியை விட்டு வந்தவங்க ஃபைல்ல சுமார் 80 சதவீதம் போச்சு, அதாவது உங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் மூத்த செட். (எல்விஸ் 1960 மார்ச்ல வெளிய வந்தார், ரெண்டு மாச வித்தியாசத்துல அந்தக் கணக்குலேருந்து தப்பிச்சார்.) டாங்க் பீரங்கிச் சத்தத்துல காது போச்சு, பென்ஷன் குடுங்கன்னு போய் நின்னா, நீ அந்த யூனிட்ல இருந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேப்பான். ஃபைல் இல்லாதவனுக்கு, கூட இருந்தவன் 'ஆமா, இவன் என் டாங்க்லதான் இருந்தான்'னு கையெழுத்துப் போட்டுத் தர்ற கடுதாசி ஒரு சாட்சி. நீங்க பில்டப்னு சொல்றது சில பேருக்கு மாசாமாசம் வர்ற காசு சார்.

காசை விடுங்க. காலின் பவல் தெரியும்ல, அமெரிக்க முப்படைத் தலைவரா இருந்தவர். 1958 கடைசியில ஜெர்மனியில கெல்ன்ஹவுசனுக்குப் போனப்போ புது லெஃப்டினன்ட். அணுகுண்டு சுடற 280 எம்.எம். பீரங்கிக்குக் காவல்னு அனுப்புறாங்க, போற வழியில பாத்தா இடுப்புல பிஸ்டலைக் காணோம். பயந்துகிட்டே ரேடியோவுல கேப்டன்கிட்ட சொல்றார். திரும்பி வந்ததும் கேப்டன் பிஸ்டலைக் கையில குடுத்து, ஊர்ப் பசங்க எடுத்திருக்காங்க, ஒரு ரவுண்டு சுட்ட சத்தம் கேட்டுதான் போய் வாங்கிட்டு வந்தோம், இனிமே இப்படி ஆகக் கூடாதுன்னுட்டுப் போயிட்டார். அப்புறம்தான் தெரியுது, எந்தப் பசங்களும் எடுக்கலை, துப்பாக்கி டென்ட்லேயே விழுந்து கிடந்திருக்கு. பிஸ்டல் தொலைஞ்சதைக் கேப்டன் எழுதி மேல அனுப்பியிருந்தா பவலோட கேரியரே ஆட்டம் கண்டிருக்கும். நாலு ஸ்டார் ஜெனரல் ஆன பிறகும் பவல் அந்தக் கேப்டனை பேர் சொல்லி நினைச்சுக்கிட்டே இருந்தார், இதுல எங்க சார் சண்டை இருக்கு?

தெற்கு மாநிலத்துலேருந்து வந்த கறுப்பின சிப்பாய்க்கு ஜெர்மனி சுதந்திரக் காத்து மாதிரி இருந்துச்சுன்னும் பவல் எழுதியிருக்கார். அங்கயும் எல்லாம் ஒழுங்கா இல்லை, பேஸுக்கு வெளிய பார் எல்லாம் கலர் பாத்துதான் பிரிஞ்சு கிடந்துச்சு. ஆனா பேரக்ஸ்ல வெள்ளைக்காரனும் கறுப்பனும் ஒரே ரூம், ஒரே மெஸ், அதே ரெண்டு பேரும் 1960-ல அலபாமா திரும்பினா ஒரு ஓட்டல்ல ஒண்ணா உக்காந்து காபி குடிக்க முடியாது. அப்ப விட்டுப்போன சிநேகத்தை எண்பது வயசுல தேடாம வேற எப்ப தேடறது?

பீர் விஷயம் மட்டும் நீங்க சொன்னது சரி. 1960-கள்ல ஒரு டாலருக்கு 4 மார்க் (அப்போ ஜெர்மன் காசு) கிடைக்கும், குடிச்சிருப்பார். 1978-ல அது 2 மார்க்குக்கு இறங்கிடுச்சு, அப்ப போன பசங்களைக் கேட்டா வேற கதை சொல்லுவாங்க.