கேள்வி – பதில்: ஸ்மோலென்ஸ்க் மூடுபனியில் மறைந்த 96 பேர்

கேள்வி: 2010-ஆம் ஆண்டு விமான விபத்தில் போலந்துக் குடியரசுத் தலைவர் இறந்தது நினைவிருக்கிறது. அவருடன் இறந்த மற்றவர்கள் யார்? ஒரே விமானத்தில் ஏன் அத்தனை பேர் சென்றார்கள்?

பதில்: அந்த ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, சனிக்கிழமை காலை, வார்சாவிலிருந்து புறப்பட்ட போலந்து விமானப்படையின் டுபோலெவ்-154 விமானம், ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகருக்கு அருகிலுள்ள ராணுவ விமானத்தளத்தில் தரையிறங்க முயன்றபோது மரங்களில் மோதி விழுந்தது. அதில் இருந்த 96 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

குடியரசுத் தலைவர் லேக் காச்சின்ஸ்கி, அவருடைய மனைவி மரியா, முப்படைகளின் தலைமைத் தளபதி, தரைப்படை, விமானப்படை, கடற்படை ஆகியவற்றின் தளபதிகள், மத்திய வங்கியின் தலைவர், நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த 18 உறுப்பினர்கள் என்று நீளும் பட்டியலைத்தான் அன்றைய செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லின. அதே பட்டியலில், பயணிகளுக்குப் பணிவிடை செய்த இளம் விமானப் பணிப்பெண்களும், மெய்க்காவலர்களும், விமானிகளும், பெற்றோரையும் உறவினரையும் 1940-இல் பறிகொடுத்த முதியவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த முதியவர்கள்தான் அந்தப் பயணத்தின் காரணத்தையே சொல்பவர்கள். 1940-இல் சோவியத் ரகசியக் காவல்படை, தன் பிடியிலிருந்த போலந்து ராணுவ அதிகாரிகள், காவலர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள் என ஏறத்தாழ 22,000 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒரு பகுதியினர் புதைக்கப்பட்ட இடம் ஸ்மோலென்ஸ்க் அருகிலுள்ள கத்தீன் காடு. இந்தப் படுகொலையை ஜெர்மானியர்மீது சுமத்திவந்த மாஸ்கோ, 1990-இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டது. படுகொலையின் 70-ஆம் ஆண்டு நினைவஞ்சலிக்காகவே அந்த விமானம் பறந்தது. அரசின் உயர் பதவியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகப் போக நேர்ந்ததும் அதனால்தான். ஆயினும் அதைச் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. 2008 ஜனவரியில் மிரோஸ்வாவியெட்ஸ் என்ற இடத்தில் நடந்த ராணுவ விமான விபத்தில் விமானப்படையினர் 20 பேரை இழந்து, பலர் ஒரே விமானத்தில் செல்வதன் ஆபத்தை முன்பே அறிந்திருந்த நாடு அது.

இருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒருவர் ரிஷார்டு கச்சொரோவ்ஸ்கி. 1940-இல் சோவியத் காவல்படையால் கைதாகி, மரண தண்டனை பெற்று, பின்பு அது முகாம் தண்டனையாகக் குறைக்கப்பட்டதால் உயிர் தப்பியவர். இரண்டாம் உலகப் போரின்போது நாட்டைவிட்டு வெளியேறி லண்டனிலிருந்து இயங்கிய போலந்து நாடுகடந்த அரசின் கடைசித் தலைவராக இருந்து, 1990 டிசம்பரில் தம் பதவியின் சின்னங்களைத் தேர்தலில் வென்ற லேக் வலேசாவிடம் ஒப்படைத்தவர். மற்றொருவர் அன்னா வாலெந்தினோவிச். கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் பாரந்தூக்கி இயக்கிய தொழிலாளி. ஓய்வுபெற ஐந்து மாதங்களே இருந்தபோது, 1980 ஆகஸ்டில், அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். அவருக்காகத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்திலிருந்துதான் 'சாலிடாரிட்டி' என்ற தொழிற்சங்க இயக்கம் பிறந்தது. உயர் பதவி எதையும் வகிக்காத அந்தப் பெண்மணிக்கு விபத்தின்போது வயது 80.

கேள்வி: அது சதி என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: 2011-இல் வெளிவந்த ரஷ்ய அறிக்கை, போலந்து அரசின் அறிக்கை இரண்டுமே, கடும் மூடுபனியில் விமானம் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதையே காரணமாகக் கூறின. ஓடுபாதைக்கு முன்னால் நிலம் பள்ளமாகச் சரிகிறது. விமானியறையில் வாசிக்கப்பட்டதோ விமானத்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கிடும் உயரமானியின் எண். பள்ளத்தின் மேல் பறக்கும்போது அந்த எண், ஓடுபாதையின் மட்டத்திலிருந்து விமானம் இருக்கும் உயரத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். 'மேலே ஏறு' என்று எச்சரிக்கைக் கருவி திரும்பத் திரும்ப ஒலித்தும் பயனில்லாமல் போயிற்று. போலந்து அறிக்கை இதோடு நிற்காமல், தன் விமானப்படைப் பிரிவில் பயிற்சி போதாமல் இருந்ததையும், ஸ்மோலென்ஸ்க் கட்டுப்பாட்டு அறையின் பிழைகளையும் சேர்த்தே சுட்டியது. வெடிகுண்டுதான் காரணம் என்று பிற்பாடு வாதிட்ட, போலந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 2023 டிசம்பரில் கலைக்கப்பட்டது. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

கேள்வி: உடல்கள் மாறிப் புதைக்கப்பட்டதாகப் படித்தேன். அது எப்படி நேர்ந்தது?

பதில்: மிகுந்த வேதனையோடுதான் இதை எழுதுகிறேன். உறவினர்கள் மாஸ்கோ சென்று அடையாளம் காட்டினார்கள். பெட்டிகள் மூடி முத்திரையிடப்பட்டு வார்சா வந்தன. அவை மீண்டும் திறந்து பார்க்கப்படவில்லை. வாலெந்தினோவிச்சின் குடும்பத்தார் தொடக்கத்திலிருந்தே ஐயம் தெரிவித்துவந்தார்கள். 2012 செப்டம்பரில் கிதான்ஸ்க் கல்லறையைத் திறந்து மரபணுச் சோதனை செய்தபோது, அங்கே இருந்தது விபத்தில் இறந்த வேறொரு பெண்மணியின் உடல் என்று தெரிந்தது. அந்தப் பெண்மணிக்கென்று வார்சாவில் எழுப்பிய கல்லறையில் வாலெந்தினோவிச் கிடந்தார். கச்சொரோவ்ஸ்கியின் உடலும் இப்படியே மாறியிருந்தது. 2016-இல், அதுவரை திறக்கப்படாத கல்லறைகளையும் தோண்டிப் பார்க்க அரசு வழக்கறிஞர்கள் உத்தரவிட்டபோது, 'எங்களவரை மறுபடியும் தொந்தரவு செய்யாதீர்கள்' என்று சில குடும்பங்கள் எதிர்த்தன. தோண்டியபோது பல பெட்டிகளில் பிறருடைய உடல் பகுதிகளும் கலந்திருந்தன. கத்தீன் காட்டுக் குழிகளில் சட்டைப்பையில் கிடந்த கடிதத்தையும் அடையாளச் சீட்டையும் வைத்து ஒவ்வொருவராகப் பெயர் கண்டறிந்த வரலாறு கொண்ட ஒரு நாட்டில், அந்த இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தப் போனவர்களுக்கே இந்த நிலை வந்தது. வாலெந்தினோவிச்சின் குடும்பத்தார் அவரை இரண்டாம் முறையாகக் கிதான்ஸ்கில் அடக்கம் செய்தார்கள்.