அந்த இரவில் தண்டுவடத்துக்குள் என்ன நடந்தது?

கேள்வி: என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து மூன்று வாரம் ஆகிறது. அன்று மாலை கால் கட்டைவிரலை அசைத்தார்; விடிந்ததும் அசைக்க முடியவில்லை. தண்டுவடம் துண்டாகவில்லை, ரத்த ஓட்டம்தான் கெட்டுவிட்டது என்கிறார்கள். ராத்திரி பக்கத்திலேயே இருந்தும் தூங்கிப்போய்விட்டேன். என் தவறா டாக்டர்?

பதில்: இல்லை சகோதரி. முதலில் அந்தப் பாரத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். நீங்கள் தூங்கியதால் வந்ததல்ல இது.

தண்டுவடத்தில் அடி விழுவது ஒரு நொடியில். சேதம் அதோடு நிற்காமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் பரவும். அறுவை அரங்கில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல தண்டுவடம் சுண்டுவிரல் பருமனில், மேலே முடி போன்ற ரத்தக் குழாய்கள் ஓட, மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும். அடிபட்ட இடமோ வீங்கி, கருநீலமாகி, துடிப்பே இல்லாமல் கிடக்கும்.

தண்டுவடத்தின் நடுவே சாம்பல் நிறப் பகுதி ஒன்று உண்டு. நரம்புச் செல்கள் குடியிருப்பது அங்கேதான்; ஆக்சிஜன் தேவையும் அங்கேதான் அதிகம். அடிபட்டதும் அங்குள்ள நுண்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசியும். கிழியாதவை சுருங்கிக்கொள்ளும். வீக்கம் வேறு அழுத்தும். ஆக்சிஜன் கிடைக்காத செல்லுக்குச் சோடியத்தை வெளியே தள்ளத் தெம்பு இருக்காது. உப்போடு நீரும் புகுந்து செல் ஊதிப்போகும். அதிலிருந்து கொட்டும் குளூட்டமேட் (நரம்புச் செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனம்) பக்கத்துச் செல்லின் வாசலைத் திறந்துவிட, கால்சியம் பாய்ந்து அதையும் கொல்லும். விரலை அசைத்தவர் விடிவதற்குள் அசைக்க முடியாமல் போவது இப்படித்தான். நரம்பிழைகளுக்கு, மின்கம்பிக்கு மேலுறை போல, மைலின் என்ற கொழுப்பு உறை போர்த்தும் செல்களோ வாரக்கணக்கில் மடிந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் முதல் வாரம் சராசரி ரத்த அழுத்தம் (மேல், கீழ் அளவுகள் இரண்டையும் வைத்துக் கணக்கிடுவது) 85க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள முயல்கிறோம். அடிபட்ட குழாய்களால் தாமாகச் சமாளிக்க முடியாது. அழுத்தம் இறங்கினால் அங்கே ரத்தமும் குறைந்துவிடும். என்னைக் கேட்டால், உடைந்த எலும்பைச் சரிசெய்யும் அதே அக்கறை இதற்கும் வேண்டும்.

சரி, இனி? நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்லக் கூடாது. உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: கால்களிலும் ஆசனவாயைச் சுற்றியும் ஊசி முனை பட்டால் அவருக்குக் கூர்மை தெரிகிறதா? வெறும் தொடு உணர்வு பெரும்பாலும் தண்டுவடத்தின் பின்பகுதி வழியாகப் போகிறது. அதற்கு ரத்தம் தரும் குழாய்கள் வேறு; அதனால் தொடு உணர்வு மட்டும் இருப்பதை வைத்து அசைவைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. ஊசி உணர்வின் பாதை, கால் அசைவின் பாதைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அது பிழைத்திருந்தால் அசைவு திரும்பும் வாய்ப்பும் கூடுதல்.

அப்புறம், அவரைச் சட்டென்று தூக்கி உட்காரவைக்காதீர்கள்; ரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். முகம் வெளுத்தாலோ, கண் இருட்டுகிறது என்றாலோ உடனே படுக்கவைத்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.